வியாதியை மறைக்கலாமா?

பிள்ளைகள் கடல் கடந்து வாழ, பெற்றோர் இங்கே முதுமையைக் கழிப்பது நம் குடும்பங்களில் இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. ஹெவ்லொக் டவுனிலோ, வெள்ளவத்தையிலோ, கொட்டாஞ்சேனையிலோ உள்ள தொடர்மாடிகளில் ஏறி விசாரிப்போமாயின், “மகன் இலண்டனில், மகள் கனடாவில்” என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். 1983 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர் அலை அலையாகச் சென்றோரும், பிற்காலத்தில் கல்வியையும் தொழிலையும் நாடிச் சென்றோரும் ஆங்காங்கே வேரூன்றிவிட்டனர். அவர்கள் வீட்டில் ஒரு மகப்பேறு என்றால் இங்கிருந்து அம்மா போகவேண்டும். அம்மா போனால் அப்பாவும் போகவேண்டும். அன்பு அழைக்கின்றது, மனம் விரைகின்றது. ஆனால் வழியிலே வாயிற்காவலர் இருவர் நிற்கின்றனர். ஒருவர் விசா, மற்றவர் காப்புறுதி.

நாம் வசிக்கும் இப்பகுதி, 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கியது. அவர் இங்கு வந்திறங்கியபோதும், பின்னர் சென்னைக்குத் தேசாதிபதியாகப் போனபோதும், “ஐயா, உமக்கு நோய் வந்தால் செலவுக்கு யார் பொறுப்பு?” என்று வாயிலில் எவரும் வழிமறித்திரார். அவர் பெயர் கொண்ட ஊரில் வாழும் எம்மையோ அக்கேள்வி முதலிலேயே எதிர்கொள்கின்றது. கேட்பவரை நோவதற்கில்லை. தமது குடிமக்களின் வரிப்பணத்தால் நடக்கும் வைத்தியசாலைகளில் விருந்தினரின் செலவை ஏற்க அந்நாடுகள் விரும்பவில்லை.

கனடாவை எடுத்துக்கொள்வோம். பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் நெடுநாள் தங்கிச் செல்வதற்கென 2011 ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாடு ‘சுப்பர் விசா’ என்பதை ஏற்படுத்தியது. 2022 ஜூலை முதல், அதைப் பெற்றவர் ஒருமுறை உள்ளே சென்றால் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். அழைக்கும் பிள்ளைக்குக் குறித்த அளவு வருமானம் இருத்தல் வேண்டும். செல்பவர் வைத்தியப் பரிசோதனைக்கு உட்படல் வேண்டும். குறைந்தது 1,00,000 கனேடிய டொலருக்கு ஓராண்டுக் காப்புறுதியும் வேண்டும். முன்னர் அதனைக் கனேடிய நிறுவனத்திடமே வாங்கவேண்டியிருந்தது. 2025 ஜனவரி தொட்டு, அந்நாட்டு மேற்பார்வை அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்ற பிறநாட்டு நிறுவனத்திடமும் வாங்கலாம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலப் பயணமாகச் செல்வோர் 30,000 யூரோவுக்குக் காப்புறுதி காட்டவேண்டும். இலண்டனுக்கு விருந்தினராகச் செல்வோரிடம் விசாவுக்குக் காப்புறுதி கேட்பதில்லை. ஆயினும் அங்கே வைத்தியசாலையில் தங்க நேர்ந்தால் வழமைக் கட்டணத்தில் ஒன்றரை மடங்கு அறவிடுவர். அக்கடன் 500 பவுணைத் தாண்டி நின்றால், அடுத்தமுறை விசா மறுக்கப்படவும் கூடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எண்பது வயதை எட்டிய விருந்தினரிடம் கனடா கைவிரல் அடையாளம் கேட்பதில்லை. முதுமைக்கு அந்த மட்டில் ஒரு சலுகை. ஆனால் அதே எண்பது வயதைக் கேட்ட மாத்திரத்தில் காப்புறுதிக் கட்டணம் மேலே தாவுகின்றது.

இவற்றையெல்லாம் நாம் ஏட்டுப் படிப்பாக அறிந்தவர்கள் அல்லர். 2023 ஆம் ஆண்டு, ஸ்காபரோவில் வாழும் எமது மகளின் முதற்பேற்றுக்குப் புறப்பட ஆயத்தமானோம். எம்மில் ஒருவருக்கு இருபது வருடமாகச் சலரோகம்; மற்றவருக்கு இரத்த அழுத்தம். காப்புறுதிக்கான வினாப் பத்திரத்தை மகள் தொலைபேசியிலே வாசித்தாள். ‘முன்னர் ஏற்பட்ட நோய்கள்’ என்னும் இடம் வந்ததும் சற்றே நிறுத்தி, “அப்பா, சலரோகத்தைப் போடவேண்டாமே. போட்டால் கட்டணம் எங்கேயோ போய்விடும். ஆறு மாதத்துக்குள் என்ன வந்துவிடப் போகின்றது?” என்றாள்.

அவள் பேராசையால் அப்படிச் சொன்னவள் அல்லள். வீட்டுக் கடன் ஒருபுறம், வேலையிலிருந்து பிரசவ விடுமுறை ஒருபுறம். இருவருக்குமான கட்டணம் அவர்கள் குடும்பத்துக்குச் சுமைதான். அவ்வாறு சொல்லும் பிள்ளைகள் பலர். “சரி மகளே” என்று ஒப்பம் வைக்கும் பெற்றோரும் பலர். ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கினோம். மூன்றாம் மாதம் ஒருவர் விழுந்துவிட்டால் நிறுவனம் முதலில் தேடுவது கொழும்பு வைத்தியரின் குறிப்புகளையே. மறைத்தது தெரியவந்தால் பத்திரம் வெறுங்காகிதமாகிவிடக்கூடும். அப்பொழுது வைத்தியசாலைக் கணக்கு எவர் தலையில் விழும்? கட்டணத்தில் மிச்சம் பிடிக்க எண்ணிய அதே மகளின் தலையில்தான்.

காப்புறுதி என்பது நல்லெண்ணத்தின் மேல் எழுந்த வியாபாரம். 1766 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மான்ஸ்பீல்ட் பிரபு, சுமாத்திராவிலிருந்த ஓர் ஆங்கிலக் கோட்டையின் காப்புறுதி பற்றிய வழக்கிலே, ஆபத்தை அறிந்தவர் அதை மறைத்தல் ஆகாது என்னும் விதியை விளக்கினார். அதே தீர்ப்பில், அவ்விதி இருதிறத்தாருக்கும் உரியது என்று கூறி, பணம் தர மறுத்த காப்புறுதிக்காரருக்கு எதிராகவே முடிவு சொன்னார் என்பதும் நினைவில் வைக்கத் தக்கது. உண்மையைச் சொன்னவனுக்கே வாதாடும் உரிமையும் உண்டு.

ஆகவே இரு நோயையும் எழுதினோம். எழுதிய பின்னரே உண்மையின் விலை தெரிந்தது. நாம் வாங்க எண்ணிய பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. காப்புறுதி தொடங்கும் நாளுக்கு முந்திய 180 நாட்களில் மருந்தோ அதன் அளவோ மாறாதிருந்தால்தான், அந்நோயால் வரும் செலவை நிறுவனம் ஏற்கும். எமது வைத்தியரோ முந்திய மாதந்தான் சலரோக மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார். உடனே போவதானால் எந்த நோய்க்கு அஞ்சினோமோ அந்த நோய்க்கே காப்பின்றிப் போகவேண்டும்; காப்புடன் போவதானால் ஆறு மாதம் காத்திருக்கவேண்டும். ஒருவர் மட்டும் முன்னே போகலாமா என்றும் பேசிப் பார்த்தோம். சலரோகக்காரரை இங்கே தனியே விட்டுச் செல்ல மற்றவருக்கு மனம் வரவில்லை.

காத்திருந்தோம். மகள் இரண்டு கிழமை எம்முடன் முகங்கொடுத்துப் பேசவில்லை. பிள்ளை பிறந்தது, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவும் நடந்தது. பத்தியக் கறியை அயல்வீட்டு அம்மையார் ஒருவர் சமைத்துக் கொடுத்தார். நாம் இங்கே கைத்தொலைபேசியின் சிறிய திரையில் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நாட்களை இப்பொழுது நினைத்தாலும் நெஞ்சு கனக்கின்றது. ஆறு மாதம் கழிந்த பின்னரே விமானம் ஏறினோம். பல்லுக்கொழுக்கட்டைக்கு மாக் குழைக்கும் பேறாவது எமக்குக் கிடைத்தது.

அங்கிருந்த நாள் முழுவதும் காப்புறுதிப் பத்திரத்தைப் பிரிக்கவேண்டிய தேவை வரவில்லை. அப்படியாயின் பணம் தண்டமா என்று சிலர் கேட்டனர். பனிக்காலத்து இரவுகளில் நெஞ்சில் சிறு வாயு பிடித்தாலும், ‘மகளின் வீட்டை விற்க நேருமோ’ என்ற பயமின்றிப் படுத்துறங்கினோம். நாம் வாங்கியது அந்த உறக்கத்தைத்தான்.

பயணத்தை எண்ணியிருக்கும் அன்பர்களுக்கு எம் அனுபவத்திலிருந்து சில சொற்கள். டிக்கெட் எடுக்கு முன் காப்புறுதிப் பத்திரத்தின் நிபந்தனைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதிலும் ‘மாறாதிருந்த நோய்’ என்பதற்கு எத்தனை நாட்கள் என்று கேளுங்கள். அந்த நாள் எண்ணிக்கை பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபடும். மாத்திரையின் அளவைக் குறைத்தாலும் அதை மாற்றமாகவே கொள்ளும் பத்திரங்கள் உண்டு. ஆகவே பயண எண்ணத்தை ஓராண்டுக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். காப்புறுதிக்காக வேண்டிய மருந்தைத் தள்ளிப்போடுதல் ஒருபோதும் ஆகாது. பயணத்தைத் தள்ளிப்போடலாம், உயிரைத் தள்ளிப்போட முடியாது. விசா கிடையாவிட்டால் பணம் திரும்புமா, முன்னதாகத் திரும்பி வந்தால் எஞ்சிய மாதங்களுக்குப் பணம் தருவார்களா என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மருந்துகளின் வர்த்தகப் பெயரை மட்டுமன்றி மூலப்பெயரையும் குறித்து வைத்தியரின் கடிதம் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அம்மா அப்பாவை அழைக்கும் நாளைக் குறிக்குமுன், அவர்கள் என்ன மருந்து எடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நம்மில் பலர் பிள்ளைகள் கவலைப்படுவார்கள் என்றெண்ணி அவர்களிடமும் நோயைச் சொல்வதில்லை. மறைக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகின்றது. வீட்டுக்குள் மறைக்காதவர்களுக்கு வினாப் பத்திரத்தில் உண்மை எழுதுவது அத்தனை கடினமாயிராது.