ஆறு மணி நேரம், இரண்டு பாறைகள்

அடுத்த விமானத்துக்காகப் புவனேஸ்வரில் காத்திருக்க நேர்ந்தால் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

காலை பத்தரைக்கு இறங்குகிறீர்கள். அடுத்த விமானம் மாலை நாலரைக்கு. பெருநகரமாக இருந்தால் இந்த ஆறு மணி நேரத்தில் பாதி போக்குவரத்து நெரிசலிலேயே கரைந்துவிடும். மீதியை விமான நிலைய நாற்காலியில் கழுத்து வலிக்கத் தூங்கிக் கழிக்கலாம். புவனேஸ்வரில் அந்தத் தண்டனை தேவையில்லை. விமான நிலையம் ஏறக்குறைய ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதற்குப் பெயர் தந்த பிஜு பட்நாயக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. 1947இல் தானே விமானம் ஓட்டிப்போய் இந்தோனேஷியத் தலைவர் சுதான் ஷாரிரை அழைத்து வந்தவர், பிறகு ஒரிசாவின் முதல்வரானவர்.

முதலில் கணக்கு. வெளியே வர அரை மணி. புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு திரும்பிவிட வேண்டும். கையில் மிஞ்சுவது நாலு மணி நேரம். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கோனார்க், பூரி என்று ஆசைப்பட்டால் விமானம் போய்விடும். லிங்கராஜர் கோயிலும் அவசரத்தில் பார்க்கிற கோயில் அல்ல. சுமார் 180 அடி உயரக் கோபுரத்துக்கும், கூட்டத்துக்கும் ஒரு முழு நாள் வேண்டும். இந்துக்கள் அல்லாத நண்பர் உடன் வந்தால் அவர் மதிலுக்கு வெளியே உள்ள மேடையிலிருந்து பார்ப்பதோடு சரி. இவற்றையெல்லாம் அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டாக்ஸியை நாலு மணி நேரத்துக்குப் பேசி, பெட்டியை டிக்கியில் போட்டுவிட்டு இரண்டு பாறைகளைப் பார்க்கக் கிளம்புங்கள். இரண்டுக்கும் இடையே சுமார் பத்து கிலோமீட்டர்.

முதல் பாறை உதயகிரியில். இருபது நிமிடத்தில் போய்ச் சேரலாம். சாலைக்கு ஒரு புறம் உதயகிரி, மறு புறம் கண்டகிரி. சமண முனிவர்களுக்காகக் குடைந்த குகைகள். இரண்டு மாடிகளும் நிறையச் சிற்பங்களும் கொண்ட ராணி கும்பாவில்தான் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கையில் கடலைப் பொட்டலம் இருந்தால் குரங்குகள் உங்களைத் தேடி வரும். நீங்கள் தேட வேண்டியது ஹாத்தி கும்பா, யானைக் குகை. அழகில் அது ராணி கும்பாவிடம் நிற்காது. ஆனால் அதன் நெற்றியில் பிராகிருத மொழியில், பிராமி எழுத்தில் 17 வரிகள். கலிங்க மன்னன் காரவேலன் தன் ஆட்சியை ஆண்டுவாரியாகச் சொல்லும் பெருமைப் பட்டியல் அது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பலருடைய கருத்து.

தமிழர்கள் இங்கே சற்று அதிக நேரம் நிற்கலாம். தமிழ் நாடுகளின் கூட்டணியை முறியடித்ததாகவும், பாண்டிய மன்னனிடமிருந்து முத்துகளும் மணிகளும் வந்ததாகவும் காரவேலன் சொல்கிறான். அந்தக் கூட்டணி 113 ஆண்டு நீடித்ததா, 1300 ஆண்டா என்பதில் கல்வெட்டைப் படித்தவர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. கனக விசயர் தலையில் கல் ஏற்றிய சேரன் செங்குட்டுவனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இன்னொருவர் கல்வெட்டில் தோற்றவர்களாக நம்மைச் சந்திப்பது புது அனுபவம்.

அங்கிருந்து பழைய ஊர். பத்தாம் நூற்றாண்டு முக்தேஸ்வரர் கோயிலுக்கு இருபது நிமிடம் போதும். அளவில் சிறியது. வாசலில் நிற்கும் கல் தோரணம் ஒன்றுக்காகவே போகலாம். பிறகு பிந்து சாகர் குளக்கரையில் அனந்த வாசுதேவர் கோயில். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மண்பானைகளில் சமைத்த பிரசாதத்தைப் பகலில் இங்கேயே வாங்கிச் சாப்பிடலாம். சோறு, காய்கறி போட்ட பருப்பான டால்மா, கடைசியில் ஒரு இனிப்பு. வெங்காயம், பூண்டு கிடையாது. விமான நிலைய சாண்ட்விச்சுக்கு இது எவ்வளவோ மேல்.

இரண்டாவது பாறை தவுளியில், தெற்கே பூரி சாலையிலிருந்து பிரிந்து போக வேண்டும். பஸ்களில் வரும் கூட்டம் நேராகக் குன்றின் உச்சிக்கு, ஜப்பானிய புத்த பிட்சுகளின் முயற்சியால் 1970களில் எழுந்த வெள்ளை சாந்தி ஸ்தூபிக்குப் போய்விடுகிறது. நீங்கள் அடிவாரத்திலேயே இறங்கிக்கொள்ளுங்கள். பாறையிலிருந்து வெளிவருவது போல ஒரு யானையின் முன்பாதி. அதன் கீழே அசோகரின் கட்டளைகள். 1837இல் கிட்டோ என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டுபிடித்தது.

கி.மு. 261 வாக்கில் நடந்த கலிங்கப் போரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஒரு லட்சம் பேர் மாண்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள், அசோகர் மனம் வருந்தினார் என்று. அந்த வருத்தத்தைச் சொல்லும் பதின்மூன்றாம் கட்டளை இந்தப் பாறையில் இல்லை! தூரத்து ஊர்களில் வெட்டிவைத்தவர், அடிபட்ட மண்ணில் அதை வெட்டவில்லை. பதிலாக அதிகாரிகளுக்கு இரண்டு தனி உத்தரவுகள். மக்கள் எல்லோரும் என் பிள்ளைகள், யாரையும் காரணமின்றிச் சிறையிலடைத்து வதைக்கக் கூடாது என்பது அவற்றின் சாரம். ஜெயித்த அரசன் தோற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அவர்களை ஆளும் தன் ஆட்களின் கையைக் கட்டிப்போட்டான். எது பெரியது என்று யோசித்தபடி வண்டி ஏறலாம்.

இங்கேயும் நாம் இருக்கிறோம். மனிதர்களுக்கும் கால்நடைகளுக்கும் மருத்துவ வசதி செய்ததைச் சொல்லும் இரண்டாம் கட்டளை இந்த வரிசையில் உண்டு. அது எல்லைக்கு அப்பாலுள்ள சோழ, பாண்டிய நாடுகளையும் குறிப்பிடுகிறது. ஆக, ஒரு பாறையில் தோற்ற எதிரி, இன்னொன்றில் மூலிகை பெற்ற அண்டை வீட்டுக்காரர். ஒரே பகலில் இரண்டையும் பார்த்துவிட முடிகிற ஊர் இது.

சில குறிப்புகள்: ஏப்ரல் முதல் ஜூன் வரை பகல் வெயில் கொளுத்தும். தொப்பியும் தண்ணீரும் அவசியம். அடையாள அட்டையும் டிக்கெட்டும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், விமான நிலைய வாசலிலேயே கேட்பார்கள். வழியில் இனிப்புக் கடையில் சேனா பொடா, அதாவது சுட்டெடுத்த பால்திரட்டு கேக், அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு நிலையத்துக்குத் திரும்பினால், காலையில் உங்களோடு இறங்கியவர் அதே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பி ஒரு துண்டு கொடுங்கள்.