முள்ளியவளையில் இருக்க மாதம் 2,250 டொலர்

கொஞ்சம் நீண்ட பதிவு. வெளிநாட்டில் வயதான சொந்தங்கள் இருக்கிறவர்கள் முழுவதையும் வாசியுங்கள், பிரயோசனப்படும்.

வாப்பாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர் ஒருவர். முள்ளியவளைக்காரர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். 1985இல் ஜேர்மனிக்குப் போனார். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது நாங்கள் தண்ணீரூற்றை விட்டுப் புத்தளம் போனோம். எனக்கு அப்போது ஒரு வயது. இரண்டு பேரும் திரும்பச் சந்திக்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

மாமா முப்பது வருடம் ரெஸ்டோரன்ட் குசினியில் நின்றவர். இப்போது 67 வயது. தங்கச்சியின் வளவில் சின்ன வீடு ஒன்று கட்டியிருக்கிறார். போன மாதம் மாமியோடு வந்து, "தம்பி, நீ படிச்சனி, இந்த ஃபோமை நிரப்பித் தா" என்றார்.

அவரிடம் இருப்பது ஜேர்மன் பாஸ்போர்ட். நிரப்பச் சொன்னது 'மை ட்ரீம் ஹோம்' வீசாவுக்கு. 55 வயது தாண்டிய வெளிநாட்டவர் இலங்கையில் தங்குவதற்கான வீசா அது. வங்கியில் 15,000 டொலர் வைப்பிலிட வேண்டும். அதைவிட மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து 1,500 டொலர் வரவேண்டும், மனைவிக்கு இன்னொரு 750. (1,500 டொலர் என்பது என் ஆசிரியர் சம்பளத்தைப்போல் ஆறேழு மடங்கு. அது வேறு கதை.)

வைப்புக் காசு அவரிடம் உண்டு. வருமானத்தில்தான் இடித்தது. அவருடைய பென்சன் 1,120 யூரோ. மாமி துப்புரவு வேலை செய்தவ, அவவுக்கு 430. டொலருக்கு மாற்றினால் ஏறத்தாழ 1,780. கிட்டத்தட்ட 500 குறைவு. மூன்று தடவை கூட்டிப் பார்த்தோம்.

மிச்சத்தை மகன் அனுப்புவதாகச் சொன்னானாம். மாமாவுக்கு விருப்பமில்லை. "அவன்ர வேலை போனா என்ர வீசாவும் போகுமோ?" அவருக்குத் தெரிந்த ஒருவர், யாரிடமாவது கைமாற்றாக வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். ஒருநாள் காட்டிவிட்டு எடுக்கிற காசல்ல இது. வீசா புதுப்பிக்கப் போகும்போது ஒவ்வொரு மாதமும் வந்ததா என்று பார்ப்பார்கள்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருந்த வாப்பா, "நீ ஏன் வெளிநாட்டுக்காரனா வாறாய்? இஞ்ச பிறந்தவன்தானே" என்றார்.

"இலங்கைப் பிரஜாவுரிமை எடுத்தா ஜேர்மன் போயிடும்" என்றார் மாமா. பல வருடமாக அவர் நம்பியிருந்தது அதுதான், அது சரியாகவும்தான் இருந்தது. ஆனால் ஜேர்மனியின் புதிய சட்டம் 2024 ஜூன் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது இன்னொரு நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்தாலும் ஜேர்மன் உரிமை போகாது. இலங்கைப் பக்கத்தில் இரட்டைப் பிரஜாவுரிமைக்குப் பல தகுதிகள் சொல்லியிருக்கிறார்கள்: 25 இலட்சம் ரூபாய் சொத்து, நிரந்தர வைப்பு, கல்வித் தகைமை என்று. அதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். 55 வயது தாண்டியிருப்பதும் அதில் ஒன்று. பென்சன் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. கட்டணம் சின்னத் தொகையல்ல, பொலிஸ் அறிக்கையும் வேண்டும். ஆனாலும் ஒருதடவை கட்டினால் முடிந்தது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார். "இஞ்ச இருந்தா ஜேர்மன்காரன் வருசா வருசம் ஒரு கடிதம் அனுப்புவான், நான் உயிரோட இருக்கிறன் எண்டு கையெழுத்து வாங்கி அனுப்போணும். இவங்கள் காசு வருதோ எண்டு கேக்கிறாங்கள், அவங்கள் ஆள் இருக்கோ எண்டு கேக்கிறாங்கள்."

உண்மைதான். வெளிநாட்டில் இருக்கிற பென்சன்காரரிடம் அவர்கள் அந்தச் சான்றைக் கேட்கிறார்கள்.

யுத்தம் முடிந்து நாங்கள் தண்ணீரூற்றுக்குத் திரும்பியபோது வாப்பாவிடம் காணிப் பெர்மிட் இல்லை. 1990இல் எல்லாவற்றையும் போல அதையும் விட்டுவிட்டுத்தான் போனோம். எங்கள் வளவு எங்களுடையது என்று சொல்ல ஊரில் வயதான இரண்டு பேரைத் தேடிப் பிடித்தார். அதை நினைத்துத்தான் வாப்பா கேட்டார்: "அப்ப நீ இஞ்ச இருந்திருந்தா எனக்குச் சாட்சி சொல்லியிருப்பாய், என்ன?"

பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்கப் போனோம். 1958ஆம் ஆண்டுப் பதிவு, அல்ஹம்துலில்லாஹ், இருந்தது. ஆனால் அதில் உள்ள பெயருக்கும் ஜேர்மன் பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்கும் இரண்டு எழுத்து வித்தியாசம். இருவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டுமாம்.

நாளை காலை சமாதான நீதவானிடம் போகிறோம். மாமாவைச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்று சொல்ல வாப்பாவும் வருகிறார்.