காருக்குள்ள சத்தம் குறைக்க நான் ஒட்டினதும் பிய்ச்சதும்

கொஞ்சம் நீளமான த்ரெட். கார் வச்சிருக்கவங்களும், வீட்டுல காது மந்தமான பெரியவங்க இருக்கவங்களும் பொறுமையா படிங்க.

எங்க ஊர் புதுப்பட்டினம், கல்பாக்கத்தை ஒட்டி. அப்பா 25 வருஷத்துக்கு மேல ஃபைபர் படகுல கடலுக்குப் போனவர். டீசல் எஞ்சினுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து, தினமும் பல மணி நேரம். 85 டெசிபல் சத்தத்துல 8 மணி நேரம்தான் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும்னு நாங்க படிச்சிருக்கோம். படகுல அதை யார் பார்த்தா? ஆடியோகிராம் எடுத்தப்போ 4000 ஹெர்ட்ஸ் கிட்ட பெரிய பள்ளம். சத்தத்தால கெட்ட காதோட கையெழுத்து அது.

வீட்டுல ஹியரிங் எய்டு போட்டா நல்லாவே பேசுவார். கார்ல ஏறினா ஊமை. செங்கல்பட்டுக்கு செக்கப் கூட்டிட்டுப் போற வழி பூரா ஜன்னலையே பார்த்துட்டு வருவார். ஏதோ கோபம்னு நினைச்சேன். ஒரு நாள் இறங்கும்போது சொன்னார்: "வண்டியில உன் வாய் அசையறது மட்டும்தான் தெரியுதுடா. சும்மா சும்மா 'ஆங்?'னு கேக்க கூச்சமா இருக்கு."

டாக்டர் மகன் நான். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சது.

காரணம் இதுதான். டயரும் ரோடும் உரசுற 'உம்ம்' சத்தம் தாழ்ந்த ஸ்வரம். அது ச, ஸ, த மாதிரி மெல்லிய எழுத்துகளோட சத்தத்தை மூடிடும். அப்பா காதுல பலவீனமான இடமும் அதேதான். ஹியரிங் எய்டோ பேச்சோட சேர்த்து ரோடு சத்தத்தையும் பெருசாக்குது. ஆக, வால்யூமைக் கூட்டிப் பிரயோஜனம் இல்ல, வண்டியை அமைதியாக்கணும்.

அவசரத்துல தப்பு பண்ணேன். ஒரு கடையில மலிவா தார் ஷீட் ஒட்டிக் கொடுத்தாங்க. சித்திரை வெயில்ல வண்டி நின்னப்போ உள்ள ரோடு போடுற வாசனை. ஷீட் இளகி கதவுக்குள்ள தொங்கிடுச்சு. கதவுக்கு அடியில மழைத்தண்ணி வடியுற ஓட்டை இருக்கும், அதையும் அடைச்சுது. நம்ம உப்புக்காத்துல கதவுக்குள்ள தண்ணி நின்னா என்ன ஆகும்னு சொல்லணுமா? ஸ்பாஞ்சு மாதிரி தண்ணி குடிக்கிற ஃபோமையும் இதே காரணத்துக்காக கடற்கரைக்காரங்க தவிர்த்துடுங்க.

மொத்தத்தையும் பிய்ச்சுட்டு நிதானமா ஆரம்பிச்சேன். இந்தப் பொருளெல்லாம் ஒரே வேலை செய்யாது, அதைப் புரிஞ்சுக்கிட்டா போதும். அலுமினிய ஃபாயில் ஒட்டின ப்யூட்டைல் ரப்பர் ஷீட் தகரத்தோட அதிர்வை அடக்கும். கதவுத் தகரத்தை விரலால தட்டுங்க, 'டங்'னா ஒட்டணும், 'டொக்'னா விட்டுடலாம். முழுசா மூட வேண்டியதில்ல, நடுப்பகுதியில கால்வாசியிலேர்ந்து பாதி வரை ஒட்டினாலே பெரும்பங்கு வேலை முடிஞ்சுடும். மேல மேல ஒட்டினா எடையும் செலவும்தான் ஏறும். அதுக்கு மேல தண்ணி குடிக்காத, மூடின அறை கொண்ட ஃபோம். அது பிளாஸ்டிக்கும் தகரமும் உரசுற கிரீச்சை நிறுத்தும். ரோடு சத்தத்தை உண்மையில தடுக்கிறது கனமான வினைல் ஷீட்தான், தரை முழுக்க இடைவெளி இல்லாம விரிக்கணும். கனம் பிடிக்கும்னு நான் பின்சீட்டுக் காலடியில மட்டும் போட்டேன்.

ஒட்டுறதுக்கு முன்னாடி ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வச்சு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைங்க (எங்ககிட்ட அதுக்குப் பஞ்சமில்ல), அப்புறம் ரோலரால அழுத்துங்க. ஏர்பேக் வயர், வடிகால் ஓட்டை பக்கம் கை வைக்காதீங்க. தீப்பிடிக்காத ரகம்தானான்னு கேட்டு வாங்குங்க.

இவ்வளவும் செஞ்சு மொபைல் ஆப்ல அளந்தேன். அதே ரோடு, அதே 60 வேகம். குறைஞ்சது 2 டெசிபல். மனசு உடைஞ்சுது. அப்புறம்தான் மெக்கானிக் அண்ணன் சொன்னார், "டாக்டர், டயரைப் பாருங்க, கல்லு மாதிரி ஆயிடுச்சு. கதவு பீடிங்கும் செத்துப்போச்சு." ரெண்டையும் மாத்தினதும் இன்னொரு 3 குறைஞ்சுது. நீங்க அங்கேர்ந்து ஆரம்பிங்க, ஷீட் அப்புறம்.

5 டெசிபல் உங்களுக்கும் எனக்கும் பெருசாத் தோணாது. பாதியாக் குறைஞ்ச மாதிரி தெரியவே சுமார் 10 வேணும். ஆனா சத்தத்தைவிட பேச்சு லேசா மேல வந்தாலே புரிய ஆரம்பிக்கிற காதுக்கு அந்த 5 பெரிய விஷயம்.

போன ஞாயிறு திருக்கழுக்குன்றம் தாண்டினதும் பின்சீட்டுலேர்ந்து என் மனைவி, "மாமா, டீ சாப்பிடலாமா?"ன்னு கேட்டாங்க. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கல.

"சரிம்மா. சக்கரை இல்லாம சொல்லு. உன் புருஷன் கத்துவான்."