ஸ்டெல்லர் கண்ட கரை

கமாண்டர் தீவுகளுக்கு அந்தக் கப்பல் இப்போது போவதில்லை. கம்சாத்காவின் பெத்ரோபாவ்லாவ்ஸ்க் துறைமுகத்திலிருந்து கோடைதோறும் கிளம்பிக்கொண்டிருந்த சின்னக் கப்பல். முன்பு கடலாய்வுக்கு ஓடியது. பயணிகளை ஏற்றினால் ஐம்பது பேர்தான். முதலில் கொரோனா வந்தது, பின்னால் போர் வந்தது. இரண்டும் வருவதற்கு முந்தைய ஒரு கோடையில் நான் அதில் போயிருந்தேன்.

கம்சாத்காவுக்குக் கிழக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் இருக்கின்றன பேரிங் தீவும் மெத்னி தீவும். 1993இல் ரஷ்யா அவற்றைச் சுற்றியுள்ள கடலோடு சேர்த்துக் காப்பகமாக்கியது. கோடையென்றால் அங்கே மூடுபனி. கப்பலின் முன்முனை பின்னாலிருப்பவர்களுக்குத் தெரியாது. ஃபுல்மார் பறவைகள் மட்டும் வெண்மைக்குள்ளிருந்து வந்து, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வெண்மைக்குள்ளேயே போய்விடும். கரையிறங்குவதற்கு முந்தின மாலை எல்லோரும் காலணிகளைத் தேய்த்துக் கழுவி, பை மடிப்புகளில் ஒட்டியிருந்த விதைகளை ஊசியால் எடுத்தோம். அந்நிய நாட்டுப் புல் ஒன்றுகூட அந்த மண்ணில் விழக்கூடாது. கோயிலுக்குள் போகுமுன் கால் கழுவுகிற பழக்கத்தில் வளர்ந்தவளுக்கு அது கட்டுப்பாடாகவே தோன்றவில்லை.

ரப்பர்ப் படகில் கமாண்டர் விரிகுடாவுக்குள் போனபோது முதலில் வந்தது வாசனை. அழுகும் கடற்பாசியும் உப்பும் கலந்த வாசனை. பிறகு மணல், அதற்குப் பின்னால் மரமே இல்லாத பச்சை மேடு, மேட்டில் ஒரு சிலுவை. 1741 நவம்பரில் கடலோடி விட்டஸ் பேரிங்கின் 'செயின்ட் பீட்டர்' கப்பல் ஒதுங்கியது இங்கேதான். ஆட்களில் பாதிப்பேருக்கு எழுந்து நிற்கவே சீவனில்லை, ஸ்கர்வி நோய். மணலில் குழி தோண்டிப் படுத்தார்கள். பேரிங்கின் மேல் மணல் சரிந்து பாதியுடலை மூடியபோது, வெதுவெதுப்பாயிருக்கிறது, எடுக்காதீர்கள் என்றாராம். டிசம்பரில் இறந்தார். துருவ நரிகள் பிணங்களைக் கடித்தன, உயிரோடிருந்தவர்களின் காலணிகளையும் தூக்கிக்கொண்டு ஓடின. அந்த நரிகளின் வழிவந்த ஒன்று என் காலடிவரை வந்து முகர்ந்தது. மனிதனைக் கண்டு பயப்பட அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு ஜெர்மானிய இயற்கையியலாளர் இருந்தார், கியோர்க் ஸ்டெல்லர். பசிக்கு நடுவிலும் குறிப்பெழுதியவர். கரையோரத்தில் பாசியை மேய்ந்துகொண்டு திரிந்த கடற்பசு என்ற பெரும் பிராணியை உயிரோடு கண்ட இயற்கையியலாளர் எழுதி வைத்தது அது ஒன்றுதான். எட்டு மீட்டர் நீளம். பல் கிடையாது, கொம்புபோன்ற தட்டுகளால் பாசியை அரைக்கும். முழுக்க மூழ்கவே தெரியாது. முதுகு எப்போதும் வெளியே இருக்கும், அதில் கடற்காகங்கள் உட்கார்ந்து பேன் பொறுக்கும். குட்டியை நடுவில் விட்டுப் பெரியவை சுற்றி மேயும். கப்பலாட்கள் பெரிய இரும்புக் கொக்கியைக் கயிற்றில் கட்டிப் பாய்ச்சி, கரையிலிருந்து முப்பது பேர் பிடித்து இழுத்தார்கள். ஒரு பெண் பிராணியைக் கொன்று கரையில் போட்டபோது அதன் ஆண் இரண்டு நாள் தொடர்ந்து அந்த இடத்துக்கு வந்து நின்றதாம். அதையும் எழுதியிருக்கிறார். அந்த இறைச்சியைத் தின்று உயிர்பிழைத்த ஒருவர் அதை விடாமல் எழுதினார் என்பதற்காகவே எனக்கு அவர்மேல் தீராத மரியாதை.

நிகோல்ஸ்கோயே என்ற ஊரிலுள்ள அருங்காட்சியகத்தில் அந்தக் கடற்பசுவின் எலும்புக்கூடு இருக்கிறது. தீவுகளில் மனிதர் வாழும் ஊர் அது ஒன்றே. அறை சிறியது, எலும்பு பெரியது. விலா எலும்புகள் என் தொடையளவு. முன்கையில் விரலெலும்பே கிடையாது. அதன் முன் நின்றபோது எனக்குத் தாத்தா நினைவுதான் வந்தது.

எங்கள் தாத்தா சேதுபாவாசத்திரத்துப் பக்கம் கடலுக்குப் போனவர். எங்கள் கடலின் கடற்பசுவான ஆவுளியாவைப் பற்றிக் கேட்டால் உடனே சொல்லமாட்டார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சொல்வார். "வலையில மாட்டுனா கத்தாது தாயி. மூச்சுதான் விடும், மனுசன் விடுற மாதிரி. கண்ணுலேருந்து தண்ணி வரும். அதப் பாத்துக்கிட்டு எல்லாராலயும் அறுத்திர முடியாது." அறுத்தவர்களும் இருந்தார்கள், அந்தக் கறி ஊரில் விலைபோனதும் உண்டு. அதைத் தாத்தா மறைக்கவில்லை. பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும் ஆவுளியாவுக்கு, பேரிங் தீவில் பாசி மேய்ந்த இந்தப் பிராணி ஒரே குடும்பம். ஒன்று வெந்நீர்க் கடலிலும் மற்றது பனிக்கடலிலும் பிழைக்கப் போனது. தாத்தா ஸ்டெல்லரைப் படித்தவரல்லர், பெயரையே கேட்டிருக்கமாட்டார். இருவரும் ஒரே கரையில் நின்று பார்த்தவர்களாக எனக்குள் இருக்கிறார்கள்.

1742 ஆகஸ்டில் பேரிங்கின் ஆட்களில் எஞ்சிய 46 பேர், உடைந்த கப்பலின் பலகைகளால் சிறு கப்பல் கட்டி ஊர்திரும்பினார்கள். கையில் கடல் நீர்நாய்த் தோல்கள். அந்தத் தோலுக்குக் கிடைத்த விலையைக் கேட்டதும் கம்சாத்காவிலிருந்து வேட்டைக் கூட்டங்கள் கிளம்பின. வழியில் இந்தத் தீவுகளில் தங்கிக் கடற்பசுவைக் கொன்று சோறுகட்டிக்கொண்டு போனார்கள். ஈட்டி பட்டவற்றில் பல கடலுக்குள் தப்பிப்போய் யாருக்கும் பயனில்லாமல் செத்தன. 1755இல் யாகோவ்லெவ் என்ற சுரங்கப் பொறியாளர், மெத்னி தீவில் அவை ஏற்கெனவே அற்றுப்போனதைக் கண்டு, பேரிங் தீவிலாவது இந்த வேட்டையைத் தடுக்கவேண்டுமென்று கம்சாத்கா அதிகாரிகளுக்கு மனுப்போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. 1768இல் கடைசியாக ஒன்று கொல்லப்பட்டதாகப் பதிவு. ஸ்டெல்லர் கண்ட ஆண்டிலிருந்து இருபத்தேழே வருடம். அந்த மனுவைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அழிகிறது என்று தெரியாமல் அழிந்ததாகச் சொல்ல முடியாது. தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நிகோல்ஸ்கோயே ஊருக்குள் பிள்ளைகள் எங்களுக்கு ஆடிக்காட்டினார்கள். அவர்களின் முன்னோர் அலியூத் மக்கள். 1820களில் ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி உரோமச் சீல் வேட்டைக்காக அட்கா, அட்டு தீவுகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றியவர்கள். பேரிங் தீவில் ஒரு பேச்சு, மெத்னி தீவில் இன்னொரு பேச்சு வளர்ந்தது. மெத்னிப் பேச்சில் சொற்களில் பெரும்பாலானவை அலியூத், வினை விகுதிகள் ரஷ்யன். இரண்டு இனம் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து தலைமுறைகளாகப் பேசினால் பிறக்கிற மொழி. 1970இல் மெத்னி ஊரைக் காலிசெய்து எல்லோரையும் நிகோல்ஸ்கோயேக்கு மாற்றினார்கள். பள்ளியில் ரஷ்யன், கடையில் ரஷ்யன்.

நாங்கள் போனபோது அந்த இரண்டு பேச்சுக்கும் ஆளிருந்தது. 2021 மார்ச்சில் பேரிங் தீவுப் பேச்சைத் தாய்மொழியாகக் கொண்ட கடைசி அம்மா காலமானார். 2022 அக்டோபரில் மெத்னிப் பேச்சு தெரிந்த கடைசி மனிதரும் போனார். செய்தியை இணையத்தில் படித்த இரவு எனக்கு அந்த ஊர்த் தெரு முழுதும் கண்ணில் வந்தது. பலகை வீடுகள், சன்னலில் பூந்தொட்டி, சைக்கிளில் போன கிழவர், கம்பளித் தொப்பியைக் கழற்றித் தலையாட்டிய இன்னொருவர். அவர்களில் யார் வாயில் எது இருந்ததோ. உடன் பேச ஆளில்லாத மொழியில் ஒருவர் கனவு காண்பாரா என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன்.

மெத்னியிலும் இறங்கினோம். ஊர் இருந்த இடத்தில் கொஞ்சம் பலகையும் துருவும்தான் எஞ்சியிருந்தன. அத்தீவுக்கே உரிய நரியினம் எழுபதுகளில் நாய்களோடு வந்த சொறிநோயில் பெரும்பாலும் மடிந்துபோனது. மிஞ்சியவற்றின் வம்சம்தான் இன்றிருப்பது. செங்கால் கிட்டிவேக் பறவைகள் பாறை முழுக்க நெருக்கியடித்துக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தன. உலகில் அவை கூடுகட்டும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

மெத்னிப் பேச்சின் கடைசி மனிதர் போனதற்குச் சற்று முன்னால், 2022 செப்டம்பரில், தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. தாத்தா வலைவீசிய கடல் அதற்குள் வருகிறது. வலையில் சிக்கியதை விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை தருகிறது. ஆனாலும் வலையை அறுப்பதென்றால் அது அன்றைய பிழைப்பையே அறுப்பது.

போன வருடம் மாமன் மகன் போன் செய்தான். அவர்கள் வலையில் ஒன்று மாட்டி, விட்டுவிட்டார்களாம். எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். படகில் பாதி இருக்கும் என்றான்.

"குட்டி இருந்துச்சாடா?"

"இருந்துச்சுக்கா. வலைக்கு வெளியில சுத்திக்கிட்டே கிடந்துச்சு. அதான் முடிச்ச அவுத்துக்கிட்டு நிக்காம அறுத்துட்டோம்."