தேசப்படமும் ஊர்ப்பெயரும்

தேசப்படம் என்றதும் பள்ளிக்கூடச் சுவரிலே தொங்கும் வண்ணத்தாளே நம்மிற் பலருக்கு நினைவுக்கு வரும். 1800ஆம் ஆண்டில் இலங்கையில் நில அளவைத் திணைக்களம் தோன்றிய நாள்தொட்டு, சங்கிலியும் கோணமானியும் கொண்டு காடுமேடெல்லாம் நடந்தவர்களின் உழைப்பே அத்தாள்களாயிற்று. இன்றோ அவ்வேலையிற் பெரும்பகுதி கணினித் திரையிலே நடைபெறுகின்றது. அதற்கு வேண்டிய கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே தோன்றிய ஓப்பன்ஸ்ரீற்மப் என்னும் பொதுத் தேசப்படத்தில் எவரும் தமது ஊரை வரைந்து சேர்க்கலாம்.

நாமும் யாழ்ப்பாணத்திலுள்ள எமது சிற்றூரின் குளங்களையும் ஒழுங்கைகளையும் அவ்வாறு குறிக்கத் தொடங்கினோம். பழைய தேசப்படத்தைத் திரையிலிட்டு, அதன்மேற் செய்மதிப் படத்தை வைத்தோம். இரண்டும் பொருந்தவில்லை, கோயிலும் சந்தியும் சில நூறு அடி விலகி நின்றன. பழைய படம் 1830இல் எவரெஸ்ட் என்பார் கணித்த பூமியின் அளவை அடியாகக் கொண்டது. இன்றைய செய்மதிப் படமோ 1984ஆம் ஆண்டின் உலக அளவைப் பின்பற்றுவது. ஒவ்வொன்றுக்கும் உரிய அளவு இன்னதென மென்பொருளுக்கு அறிவித்ததும் இரண்டும் இணங்கி அமைந்தன. அது கணிதத்தாலே தீரும் குறை.

கணிதத்தாலே தீராத குறை பின்னரே தோன்றிற்று. சென்ரினல்-2 என்னும் ஐரோப்பியச் செய்மதியின் படத்தில், ஒரு புள்ளி என்பது நிலத்திலே 10 மீற்றர் நீளமும் அகலமும் கொண்ட ஒரு சதுரமாகும். அதில் மூன்று மீற்றர் ஒழுங்கை எங்ஙனம் தெளிவாகத் தெரியும்? மரநிழலில் மறைந்த வாய்க்கால் எங்ஙனம் தெரியும்? கோடையில் எடுத்த படத்திலே எமது குளமொன்று வெறும் புற்றரையாகவே காணப்பட்டது.

அயலிலுள்ள முதியவர் ஒருவரை அணுகி வினவினோம். "தம்பி, மாரியிலே வந்து பாரும். இதிலே ஆள் தாழத் தண்ணி நிக்கும். மேற்குப் பக்கத்து வாய்க்காலைத் தூர்த்தபடியால்தான் இப்ப ஒழுங்கையெல்லாம் வெள்ளம்" என்றார். குளத்தின் பெயரையும் சொல்லி, நீர் வரும் வழியையும் போகும் வழியையும் கைத்தடியால் மண்ணிலே கீறிக் காட்டினார். எமது திரையிலிருந்த படத்திலும் அம்மண்ணிலே கீறிய படமே நிறைவுடையதாயிருந்தது.

இது சிறிய செய்தியன்று. குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கும் மழைநீரே எமது கிணறுகளில் ஊறுகின்றது. அம்மழைநீரைத் தேக்கி, மெல்ல மெல்ல நிலத்துள் இறங்கச் செய்வன குளங்கள். தேசப்படத்திலே வெறுந்தரையெனக் காணப்படும் குளத்தை நாளை ஒருவர் மண்ணிட்டு நிரப்ப முற்பட்டால், அது குளமே என்று எடுத்துக்காட்டச் சான்று எங்கே?

பிற நாட்டு அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 2010ஆம் ஆண்டு சனவரி 12இல் ஹெயிற்றி நாட்டைப் பூகம்பம் தாக்கியபொழுது, உலகின் பல பாகங்களிலிருந்த தொண்டர்கள் செய்மதிப் படங்களைப் பார்த்து அதன் தலைநகர வீதிகளை வரைந்து ஓப்பன்ஸ்ரீற்மப்பிற் சேர்த்தனர். மீட்புப் பணியாளருக்கு அவை பெரிதும் உதவின. தொலைவிலிருந்து வீதியை வரையலாம். ஆனால், அவ்வீதியை ஊரார் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதை ஊராரே சொல்லவேண்டும்.

ஆதலின், மாணவர்கள் வரும் விடுமுறையிலே ஒரு கொப்பியுடன் அப்பப்பாவிடமும் அம்மம்மாவிடமும் சென்று அமர்வார்களாக. இக்குளத்தின் பெயர் என்ன, இதன் நீர் எங்கே செல்லும், இவ்வொழுங்கை யாருக்கு வழி என்று கேட்டு எழுதிக்கொள்வார்களாக. அவற்றைக் கணினியில் ஏற்றுதல் பின்பு செய்யக்கூடியதே. செய்மதி சில நாளில் மீண்டும் வரும். சொல்லத் தெரிந்த முதியவர் என்றும் இருப்பாரென்பது நிச்சயமன்று.