கருவியில் இருந்த எண்ணும் கணினியில் சேர்ந்த எண்ணும்

சென்னையின் மேற்குப் புறநகர்த் தொழில்களில் வாகன மின்னியலுக்குத் தனி இடம் உண்டு. பாடியில் 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டர் மோட்டார்களையும் ஆல்டர்னேட்டர்களையும் செய்துவருகிறது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் டிஆர்டிஓவைச் சேர்ந்த போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமும் இயங்குகின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், பூந்தமல்லியை அடுத்த திருமழிசைத் தொழிற்பேட்டையிலும் உதிரிபாகங்களைச் செய்தும் சோதித்தும் தரும் சிறு பட்டறைகள் பல உள்ளன. இத்தகைய சோதனை மேசைகளில் மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப், பட்டறை வழக்கில் ஸ்கோப், தவிர்க்க முடியாத கருவி. திரையில் தெளிவாகத் தெரிந்த அலை கணினிக்கு வந்தபின் சொரசொரப்பாகவோ சிதைந்தோ காணப்படும்போது, பழி பெரும்பாலும் கேபிளின் மீது விழுகிறது. ஆனால் எண்களாக மாறிவிட்ட தகவல் கம்பியில் தேய்வதில்லை. வசதிக்காக எண்ணைச் சுருக்கும் இடங்களில்தான் துல்லியம் தொலைகிறது, அந்த இடங்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்ட முடியும்.

முதற் சுருக்கம் ஸ்கோப்பின் உள்ளேயே நிகழ்கிறது. உள்ளே வரும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி பெரும்பாலான சாதாரண ஸ்கோப்புகளில் 8 பிட் கொண்டது. அதாவது எந்த மின்னழுத்தமும் 256 படிகளுள் ஒன்றாகவே பதிவாகும். பல மாடல்களில் திரையின் ஒரு கட்டத்துக்கு 25 படிகள் என்று பங்கிடப்பட்டிருக்கும். லாரியின் 24 வோல்ட் மின்சுற்றை, கட்டத்துக்கு 5 வோல்ட் என்ற அளவில் வைத்துப் பார்த்தால் ஒரு படி 0.2 வோல்ட் ஆகிறது. அந்த 24 வோல்ட்டின் மேல் ஏறிவரும் 0.1 வோல்ட் சிற்றலை, அதாவது ரிப்பிள், ஒரு படிக்குள்ளேயே அடங்கிவிடும். நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து மாறும் பகுதியை மட்டும் உள்ளே விடும் ஏசி இணைப்பில், கட்டத்துக்கு 20 மில்லிவோல்ட் என்று வைத்தால் படி 0.8 மில்லிவோல்ட்டாகக் குறையும் என்பது உண்மையே. ஆயினும் ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி மின்னழுத்தம் மெதுவாகச் சரிந்து மீள்வதையும் அதே பதிவில் காண வேண்டுமானால் அந்த வழி உதவாது. ஏசி இணைப்பு மெதுவான மாற்றங்களைச் சிதைத்துவிடும்.

இதற்காகவே பல ஸ்கோப்புகளில் ஹை ரெசல்யூஷன் என்ற முறை தரப்பட்டிருக்கிறது. தேவையைவிட மிக வேகமாக அளவுகளை எடுத்து, அடுத்தடுத்த அளவுகளின் சராசரியை ஒரே அளவாகப் பதிவதே இதன் தத்துவம். குறிப்பலையில் ஒரு படியளவுக்காவது இயல்பான இரைச்சல் இருந்து, அந்த இரைச்சல் அளவுக்கு அளவு தொடர்பின்றி இருக்குமானால், நான்கு மடங்கு அளவுகளைச் சேர்க்கும்தோறும் ஒரு பிட் கூடுதலாகக் கிடைக்கும். எனவே 64 அளவுகளின் சராசரி மூன்று பிட்களைக் கூட்டித் தரும், 0.2 வோல்ட்டாக இருந்த படி 0.025 வோல்ட்டாகச் சுருங்கும். மறைந்திருந்த சிற்றலை திரையில் தலைகாட்டும். இதற்கு ஒரு விலையும் உண்டு. நொடிக்கு 10 கோடி அளவுகள் எடுக்கப்பட்டிருந்தாலும் பதிவில் நிற்பவை ஏறத்தாழ 15.6 லட்சம் மட்டுமே என்பதால், மிக வேகமான மாற்றங்கள் மழுங்கிவிடும்.

இவ்வாறு அரும்பாடுபட்டு ஈட்டிய மூன்று பிட்களைக் கணினிக்கு அனுப்பும்போது ஒரே நொடியில் இழந்துவிடலாம். ஒவ்வோர் அளவையும் ஒரு பைட்டாக அனுப்புவதா, இரண்டு பைட்டாக அனுப்புவதா என்று ஸ்கோப்பிடம் சொல்லும் வாய்ப்பு கணினி நிரலுக்கு உண்டு. ஒரு பைட்டுக்குள் 256 மதிப்புகளுக்கு மேல் இடமில்லை. ஆகவே சராசரியால் வந்த நுட்பம் முழுவதும் வெட்டப்பட்டு, 0.025 வோல்ட் படி மீண்டும் 0.2 வோல்ட்டாகிவிடும். ஒரு பைட் வழக்கம் பரவியதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1990களின் டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ் 210 ஒரு பதிவில் 2,500 புள்ளிகளைத் தந்தது. 9,600 பாட் வேகத் தொடர் இணைப்பில் நொடிக்குச் சுமார் 960 பைட்கள் செல்லும் என்பதால், ஒரு பைட்டாக அனுப்பினால் மூன்று நொடிக்குள்ளும் இரண்டு பைட்டாக அனுப்பினால் ஐந்து நொடிக்கு மேலும் ஆகும். யுஎஸ்பியும் லேன் இணைப்பும் வந்த பிறகு அந்தச் சிக்கனத்துக்குத் தேவை இல்லை. ஆனால் அக்காலத்தில் எழுதப்பட்ட நிரல் வரிகள் கைமாறிக் கைமாறி இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இரண்டு பைட்டாகப் பெறுவோரும் இரு செய்திகளைக் கவனிக்க வேண்டும். உயர் பைட் முதலில் வருகிறதா, கீழ் பைட் முதலில் வருகிறதா என்ற வரிசை மாறிவிட்டால் 258 என்ற எண் 513 என்று வாசிக்கப்படும். அடுத்தது, ஸ்கோப் அனுப்புவது வோல்ட் அன்று, படியின் எண் மட்டுமே. அதிலிருந்து பூச்சிய நிலைக்குரிய எண்ணைக் கழித்து, ஒரு படியின் வோல்ட் மதிப்பால் பெருக்கி, தேவையான நகர்வைக் கூட்டினால்தான் மின்னழுத்தம் கிடைக்கும். இந்த மாற்றெண்களைக் கேட்டால் ஸ்கோப்பே சொல்லும். பைட் அகலத்தை மாற்றும்போது பெருக்கெண்ணும் மாறும் மாடல்கள் இருப்பதால், ஒவ்வொரு பதிவுக்கும் அவற்றைப் புதிதாகக் கேட்டுப் பெறுவதே முறை. நிரலில் ஒருமுறை எழுதிவைத்துவிட்டு மறந்துவிடுவது தவறு.

இழப்பு மின்னழுத்தத்தோடு நிற்பதில்லை, நேரத்திலும் நிகழ்கிறது. ஸ்கோப்பின் நினைவகத்தில் பத்து லட்சம் அளவுகள் இருந்தாலும், திரைக்குரிய ஆயிரம் அளவுகளை மட்டும் அனுப்பும் முறையே பல கருவிகளில் இயல்பாக அமைந்திருக்கும். நொடிக்கு 10 கோடி அளவுகள் எடுத்த பதிவில் ஆயிரத்துக்கு ஒன்றைப் பொறுக்கினால், கணினியைப் பொறுத்தவரை நொடிக்கு ஒரு லட்சம் அளவுகளே எடுக்கப்பட்டவை ஆகின்றன. அப்போது மின்வழங்கி ஒன்றின் 101 கிலோஹெர்ட்ஸ் சிற்றலை, கணினியில் 1 கிலோஹெர்ட்ஸ் அலையாகத் தோன்றும். நுட்பம் குறைந்த அளவு என்று இதைச் சொல்ல முடியாது. இல்லாத ஓர் அலை இருப்பதாகக் காட்டும் அளவு இது, அதைத் தேடிப் போகும் பொறியாளரின் உழைப்பும் வீணாகும்.

கோப்பாகச் சேமிக்கும்போது அடுத்த சுருக்கம் காத்திருக்கிறது. பென் டிரைவில் சேமிக்கும் சிஎஸ்வி கோப்பில் எண்கள் எழுத்துகளாகவே பதிகின்றன. எத்தனை இலக்கங்கள் எழுதப்படும் என்பது அந்தக் கருவியின் நிரலைப் பொறுத்தது. 4 நானோநொடிக்கு ஒன்றாக எடுத்த பதிவில், 20 மில்லிநொடிக்கு அருகிலுள்ள நேரங்களை ஆறு இலக்கங்களில் எழுதினால் மிகச் சிறிய வேறுபாடு 100 நானோநொடி ஆகிவிடும். அடுத்தடுத்த 25 வரிகள் ஒரே நேரத்தைக் காட்டும். அலையின் சரிவைக் கணக்கிட முயன்றால் பூச்சியத்தால் வகுக்கும் நிலை வரும். கோப்பின் நேர நெடுவரிசையை நம்பாமல், தொடக்க நேரத்தையும் இடைவெளியையும் கொண்டு நேரத்தைக் கணினியிலேயே உருவாக்கிக்கொள்வது பாதுகாப்பானது. எக்செல்லில் அந்தக் கோப்பைத் திறந்து மீண்டும் சிஎஸ்வியாகச் சேமித்தால், கலத்தில் கண்ணுக்குத் தெரியும் இலக்கங்களே எழுதப்படும், மற்றவை போய்விடும். 10,48,576 வரிகளுக்கு அப்பாற்பட்டவையும் அந்தத் தாளில் இடம்பெறா.

சாதாரண ஸ்கோப்பின் அளவீட்டுப் பிழையே ஏறத்தாழ மூன்று விழுக்காடு என்னும்போது 0.025 வோல்ட்டைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கப்படுவதுண்டு. கேள்வியில் நியாயம் உண்டு. 24 வோல்ட்டில் மூன்று விழுக்காடு 0.72 வோல்ட். ஆனால் சிற்றலை என்பது உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள வேறுபாடு. பெருக்கத்தில் உள்ள மூன்று விழுக்காட்டுப் பிழை 0.1 வோல்ட் சிற்றலையை 0.003 வோல்ட் அளவுக்கே மாற்றும், நிலைப்பிழை கழித்தலில் நீங்கிவிடும், 0.2 வோல்ட் படியோ அந்தச் சிற்றலையை முழுதாக விழுங்கிவிடும். உண்மை மதிப்போடு எவ்வளவு நெருக்கம் என்பதும், எவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பிரித்தறிய முடியும் என்பதும் இரு வேறு தகுதிகள். ஒன்றின் குறையைக் காட்டி மற்றதை விட்டுவிடுவது அளவீட்டுக் கலைக்கு ஒவ்வாது.

கணினிக்கு வந்த பதிவு முழுமையானதா என்று அறியும் சோதனை எளியது. ஃபங்ஷன் ஜெனரேட்டரிலிருந்து மெதுவான முக்கோண அலை ஒன்றைக் கொடுத்து, ஹை ரெசல்யூஷன் முறையில் பதிந்து, கோப்பிலுள்ள மின்னழுத்தங்களை ஏறுவரிசையில் அடுக்கி, வெவ்வேறான மதிப்புகளுக்கு இடையே உள்ள மிகச் சிறிய இடைவெளியைப் பார்த்தால் போதும், 0.025 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 0.2 வோல்ட் இருந்தால் பிட்கள் வழியில் வெட்டப்பட்டுள்ளன. நிலையான மின்னழுத்தம் ஒன்றை மல்டிமீட்டரிலும் அளந்து, கோப்பின் சராசரியோடு ஒப்பிட்டால் மாற்றெண்களின் பிழை வெளிப்படும். கோப்பின் வரிகளை எண்ணி ஸ்கோப்பின் நினைவக அளவோடு ஒப்பிட்டால், பொறுக்கி எடுக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும்.

சோதனை ஆய்வகங்களுக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் தருவதற்கு அடிப்படையான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரநிலையின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, கணக்கீடுகளும் தரவுப் பரிமாற்றங்களும் முறையாகச் சரிபார்க்கப்பட வேண்டும் என்று 7.11.6ஆம் பிரிவில் விதிக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு இது கடமை. அங்கீகாரம் இல்லாத சிறு பட்டறைக்கும் இது நல்ல பழக்கமே. ஸ்கோப்பின் மூல எண்களையும், அவற்றுக்குரிய மாற்றெண்களையும், பதிவு முறை, ப்ரோப் பெருக்கம், கட்ட அளவு ஆகிய குறிப்புகளையும் ஒரே கோப்புறையில் மாற்றாமல் வைத்து, கணக்குகளையும் வரைபடங்களையும் நகலில் மட்டுமே செய்ய வேண்டும். ஒரு வாகன உறுப்பு தேறியதா, தேறவில்லையா என்று முடிவெடுப்பவர் நம்பியிருப்பது அந்த மூல எண்ணையே; ஆதலால், அறிக்கையில் கையெழுத்திடும் ஒவ்வொருவரும் வரைபடத்தை நம்புவதற்கு முன் மூலக் கோப்பைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.