எட்டு எழுத்துக்குள் அடங்காத கட்டுரை

1997ஆம் ஆண்டு. கொழும்பில் என் அறையில் ஒரு பழைய 386 கணனி இருந்தது. எம்.எஸ். டொஸ் 5, அதன்மேல் விண்டோஸ் 3.1. 40 மெகாபைட் வன்தட்டில் இடம் போதாது. ஆகவே எழுதி முடித்ததைப் புளொப்பியில் பிரதி செய்துவிட்டு மூலத்தை அழித்துவிடுவது என் வழக்கம்.

அப்படி வைத்திருந்தவற்றுள் ஒன்று ஒரு நேர்காணல். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் தாம் படித்த நூல்களை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார். ஒலிநாடாவில் வேறொரு செவ்வியைப் பதிந்துவிட்டேன் (பத்திரிகைக்காரனின் சிக்கனம்!). ஆசிரியரும் இரண்டு மாதங்களில் காலமாகிவிட்டார்.

நேர்காணற் கோப்பின் பெயர் 'கட்டுரை'. ஆங்கில எழுத்துகளில் எழுதினால் சரியாக எட்டு எழுத்து. அடுத்து எழுதியதைக் 'கட்டுரை2' என்ற பெயரில் அதே புளொப்பிக்குப் பிரதி செய்தேன். டொஸ் எட்டு எழுத்துக்கு மேல் ஏற்பதில்லை. மறுக்கவுமில்லை, ஒன்பதாவதாக நின்ற '2' ஐச் சத்தமின்றி வெட்டிவிட்டு, பழைய 'கட்டுரை'யின் மேலேயே எழுதிவிட்டது. "மேலெழுதவா?" என்று பிரதிக் கட்டளை கேட்கத் தொடங்கியது 1993இல் வந்த 6.2இல்தான். என்னிடம் இருந்ததோ 5.

வெள்ளவத்தையில் கணனி திருத்தும் தம்பி ஒருவரிடம் ஓடினேன்.

"ஐயா, அழிச்ச பைல் எண்டால் பெயரின்ரை முதல் எழுத்து மட்டும்தான் போயிருக்கும், மீட்டுப்போடலாம். இது மேலால எழுதுப்பட்டது. பெயரே இப்ப மற்றதுக்குச் சொந்தம்" என்றார்.

ஆயினும் அவர் கைவிடவில்லை. புதிய கோப்பு சிறியது. பழையதன் பிற்பகுதி, எவருக்கும் சொந்தமில்லாத இடமாக, வட்டிலேயே கிடக்கக்கூடும். 'டீபக்' என்ற சிறு செயலியைத் திறந்து, 512 பைட் கொண்ட துண்டங்களாக வட்டைப் படிக்கத் தொடங்கினார். திரையின் இடப்புறம் எண்கள்; வலப்புறம் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். "இதிலை ஒண்டுமில்லை, குப்பை" என்று அடுத்ததற்குப் போக முயன்றார்.

"நில்லும் தம்பி" என்றேன்.

ஜே, கே, பி, ஓ, பின்னே ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவனுக்கு அது குப்பையன்று. 'தமிழ்' என்ற சொல். அந்த விசைகள்மீது என் விரல்கள் எத்தனை ஆயிரம் முறை நடந்திருக்கும்!

அவர் துண்டம் துண்டமாகத் திரையில் கொண்டுவர, நான் வாசித்துக் கொப்பியில் எழுதினேன். கடை பூட்டும் நேரம் தாண்டி இரண்டு மணித்தியாலம் இருந்தோம். பதினொரு நூற்பெயர்கள் கிடைத்தன. ஆசிரியர் முதலில் சொன்னவை, சிறு வயதில் தந்தையோடு போய் வாசித்தவை, புதிய கட்டுரையின் அடியில் போய்விட்டன.

அந்தப் புதிய கட்டுரை எதைப்பற்றியது என்பது இன்று எனக்கு ஞாபகமில்லை.